ஹெல்மெட் இண்டர்காம்: மலைப்பாதைக்கு எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது

போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. இந்த மாதிரிப் பாதையில் இரண்டு பைக் சேர்ந்து போகும்போது, முன்னால் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. "அண்ணே, பஸ் இறங்குது, வளைவுக்கு முன்னாடியே நில்லுங்க" என்று நாலு வார்த்தை காதில் விழுந்தால் போதும். இண்டர்காம் இதற்குத்தான். பாட்டு, போன், மேப் எல்லாம் அதற்குப் பிறகு.

போனில் கால் போட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். கம்பத்திலோ பொள்ளாச்சியிலோ ஊருக்குள் போதும். போடிமெட்டு தாண்டி பூப்பாறைப் பக்கம் இறங்கும்போது டவர் வரும், போகும். மாநில எல்லை தாண்டி ஒரு டவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதும் கால் அறுந்துவிடலாம். இண்டர்காமுக்கு டவர், சிம், நெட் எதுவும் வேண்டாம். ஒரு ஹெல்மெட்டிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டுக்கு நேராகவே 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேச்சு போகிறது.

பெட்டிக்குள் முக்கியமாக இருப்பது நான்கு சாமான்: ஹெல்மெட்டின் இடது பக்கம் வெளியே ஒட்டிக்கொள்ளும் கருவி, அதைத் தாங்கும் கிளாம்ப் அல்லது ஒட்டும் தகடு, காதுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். இடது பக்கம் வைப்பதற்குக் காரணம் உண்டு. வலது கை ஆக்ஸிலேட்டரை விடக் கூடாது. பட்டனை இடது கைதான் தொட வேண்டும்.

ப்ளூடூத்தா, மெஷ்ஷா

வாங்குவதற்கு முன் முடிவு செய்ய வேண்டிய பெரிய விஷயம் இது ஒன்றுதான்.

ப்ளூடூத் இண்டர்காம் சங்கிலி மாதிரி வேலை செய்யும். முதல் ஆள் இரண்டாம் ஆளோடு இணைந்திருப்பார், இரண்டாம் ஆள் மூன்றாம் ஆளோடு, மூன்றாம் ஆள் நான்காம் ஆளோடு. இரண்டாம் ஆள் டீ குடிக்க நின்றுவிட்டாலோ அவர் கருவியில் சார்ஜ் இறங்கிவிட்டாலோ முதல் ஆள் தனியாகிவிடுவார். இரண்டு கருவியை இப்படி ஒன்றோடொன்று இணைப்பதைத்தான் 'பேர் (pair) செய்வது' என்கிறோம். பேர் செய்த வரிசையிலேயே சாலையிலும் போனால்தான் சங்கிலி நிற்கும். ஓவர்டேக் செய்து வரிசை மாறினால், பேர் செய்த இருவருக்கு நடுவே தூரம் கூடி அறுந்துவிடும். அறுந்ததை மறுபடி சேர்க்கப் பெரும்பாலும் யாராவது ஒருவர் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும்.

மெஷ்ஷில் வரிசை கிடையாது. குழுவில் உள்ள ஒவ்வொரு கருவியும் மற்றவர் பேச்சை வாங்கி அடுத்தவருக்குக் கடத்தும். ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் பேச்சு தொடரும். அவர் எட்டும் தூரத்துக்கு வந்ததும் தானாகச் சேர்ந்துகொள்வார். கார்டோவின் பேக்டாக் வகை, சீனாவின் 50 வரிசை, இரண்டும் மெஷ்தான். இங்கே சீனா என்பது கம்பெனியின் பெயர், நாடு இல்லை. கார்டோவில் ஒருவர் தலைவராக இருந்து குழுவை உருவாக்கி மற்றவர்களைச் சேர்க்க வேண்டும். பேக்டாக் எட்ஜில் 15 பேர் வரை சேரலாம். சீனாவின் ஓப்பன் மெஷ்ஷில் பேர் செய்யவே வேண்டாம். 9 சேனல் உண்டு, எல்லாரும் ஒரே சேனலுக்கு வந்தால் பேசலாம். மற்றவர் காதில் விழக் கூடாது என்றால் குரூப் மெஷ்ஷுக்கு மாற வேண்டும்.

கணவன் மனைவி ஒரே வண்டியில் போவதற்கோ இரண்டு வண்டிக்கோ மெஷ் தேவையே இல்லை. நல்ல ப்ளூடூத் ஜோடி போதும். மிச்சப் பணத்தை ஹெல்மெட்டில் போடுங்கள். நாலு வண்டிக்கு மேல் அடிக்கடி சேர்ந்து போகிறீர்கள் என்றால் மெஷ் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். மூன்று வண்டிதான் இழுபறி. எப்போதும் அதே மூன்று பேர், அதே வரிசை என்றால் ப்ளூடூத்தில் சமாளிக்கலாம்.

ஒரு கம்பெனியின் மெஷ் இன்னொரு கம்பெனியின் மெஷ்ஷோடு பேசாது என்பதை மறக்கக் கூடாது. கார்டோவும் சீனாவும் சேர வேண்டுமென்றால் ப்ளூடூத்துக்கு இறங்கித்தான் சேர முடியும். அதனால் "எது நல்லது" என்று கேட்பதற்கு முன் "கூட வருகிறவர்கள் எதை வைத்திருக்கிறார்கள்" என்று கேளுங்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர்

1 கிலோமீட்டர், 1.2, 1.6, 2 என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். வெட்டவெளியில், இரண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவே எதுவும் மறைக்காமல் இருக்கும்போது கிடைக்கும் தூரம் அது. வாளையாறு பக்கம் நேர் சாலையில் அதில் நல்ல பங்கு கிடைக்கும். மலையில் கணக்கே வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை பாறைக்குள் புகுந்து மறுபக்கம் போகாது. மழையில் நனைந்த இலையும் அதை உறிஞ்சும். முன்னால் போகிறவர் வளைவு திரும்பி மலைச்சரிவு நடுவே வந்துவிட்டால், தூரம் சில நூறு மீட்டரே ஆனாலும் பேச்சு கரகரத்து நின்றுவிடும். சில நேரம் அடுத்த வளைவில் மேல் சாலையும் கீழ் சாலையும் ஒன்றையொன்று பார்க்கும் இடத்தில் தானாகத் திரும்பி வரும்.

ஆக, 1 கிலோமீட்டருக்கும் 2 கிலோமீட்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கொடுத்தால் மலையில் அந்த அளவுக்குப் பலன் கிடைக்காது. மலைப்பாதையில் ஒரு வளைவுக்கு மேல் இடைவெளி விடாமல் போவதுதான் பேச்சைக் காப்பாற்றும். மூன்று பேர் என்றால் நடுவில் போகிறவர் இரண்டு பக்கமும் கண்ணில் படும்படி வேகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அவர்தான் பாலம்.

கடையில் என்ன பார்ப்பது

விலை குறைந்த பலவற்றில் இண்டர்காமே கிடையாது. போனோடு மட்டும் பேசும் ஹெல்மெட் ஹெட்செட் அது. படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். விவரத்தில் "இண்டர்காம்" என்ற சொல்லும் எத்தனை பேர் என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. "6 பேரை இணைக்கலாம்" என்று போட்டிருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் பேச முடிவது இரண்டு பேர்தான். மற்றவர்களோடு பேச ஒவ்வொரு முறையும் மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம் என்பதைத்தான் விற்பவரிடம் கேட்க வேண்டும்.

நீர் தாங்கும் அளவுக்கு ஐ.பி.67 என்று இருந்தால் நிம்மதி. ஆறு என்பது தூசு உள்ளே போகாது என்பதற்கு, ஏழு என்பது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கு. ஜூன், ஜூலையில் கம்பத்தில் வெயிலும் புழுதியும் அடிக்கும். அதே நாளில் குமுளியில் சாரல் விடாது. இரண்டையும் ஒரே சவாரியில் பார்க்கிறவர்கள் இந்த எண்ணில் சமரசம் செய்யக் கூடாது.

ஸ்பீக்கர் 40 மில்லிமீட்டர் அகலம் இருப்பது நல்லது. ஆனால் உங்கள் ஹெல்மெட்டில் அதற்கு இடம் இருக்க வேண்டும். பெட்டிக்குள் இரண்டு வகை மைக்கும் இருக்கிறதா பாருங்கள்: ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்டுக்கு ஒட்டும் சின்ன மைக், முன்பக்கம் திறக்கும் வகைக்கும் ஓப்பன் ஃபேஸுக்கும் வளைகிற தண்டு மைக். கையுறை போட்டுக்கொண்டு பட்டனைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தனித்தனியாகத் தட்டுப்படவில்லை என்றால் மழையில் ஒன்றுக்குப் பதில் ஒன்றை அழுத்துவீர்கள்.

ஹெல்மெட் ஐ.எஸ். 4151 தரத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை இந்தியாவில் விற்கவே கூடாது. உள்ளே காது வரும் இடத்தில் வட்டமாகக் குழி விட்ட ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குங்கள். குழி இல்லை என்று கத்தியால் உள்ளே இருக்கும் தெர்மோகோலைச் செதுக்கும் கடைகள் உண்டு. செதுக்க விடாதீர்கள். விழும்போது நசுங்கித் தலைக்கு வரும் அடியை வாங்கிக்கொள்வது அந்த அடுக்குதான்; செதுக்கிய இடத்தில் அதற்கு வேலையே இல்லாமல் போகிறது. ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் டிரில் போடுவதும் ஆபத்து. ஸ்பீக்கர் அடங்கவில்லை என்றால் மெல்லிய ஸ்பீக்கர் வாங்கலாம், இல்லையென்றால் ஹெல்மெட்டை மாற்றலாம். மூன்றாவது வழி கிடையாது.

பொருத்துவது

நல்ல கருவியை மோசமாகப் பொருத்தினால் கிடைப்பதைவிட, சுமாரான கருவியை ஒழுங்காகப் பொருத்தினால் சத்தம் தெளிவாக இருக்கும். கொஞ்சம் நேரம் ஒதுக்கி, மேஜையில் துணி விரித்து, அதன் மேல் ஹெல்மெட்டை வைத்துச் செய்யுங்கள்.

முதலில் இரண்டு பக்கக் கன்னப் பேடையும் கழற்ற வேண்டும். பெரும்பாலும் அழுத்து பட்டன்தான். பட்டன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே விரலை விட்டு இழுங்கள், துணியைப் பிடித்து இழுத்தால் கிழியும். அடுத்து கிளாம்ப். அதன் உள்தகடு ஓட்டுக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே நுழையும். ஆலன் கீயால் இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கவும். ஒன்றையே முழுக்க இறுக்கினால் கிளாம்ப் சாய்ந்து உட்காரும். விளிம்பு தடிப்பாக இருந்து கிளாம்ப் ஏறாவிட்டால் ஒட்டும் தகடு. ஒட்டும் இடத்தை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, நல்ல அழுத்தம் கொடுத்து ஒட்டவும். நல்ல இரட்டைப் பக்க ஒட்டு நாடா 20 நிமிடத்தில் பாதி பலம்தான் பெறும், 24 மணி நேரத்தில் சுமார் 90 சதவீதம், முழுப் பலத்துக்கு 72 மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு ஒட்டி சனிக்கிழமை விடியலில் மூணாறு கிளம்பினால் கருவி வழியில் விழக்கூடும்.

இனி ஸ்பீக்கர். ஒலி சரியில்லை என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஹெல்மெட்டின் காதுக்குழி பொதுவான தலைக்குச் செய்தது, உங்கள் காது அதற்கு நேரே இருக்க வேண்டும் என்று விதி இல்லை. பலருக்குக் காது குழியின் நடுவைவிடக் கொஞ்சம் பின்னாலோ மேலேயோ வரும். ஒரு சென்டிமீட்டர் விலகினாலும் பாஸ் எனும் கனத்த ஒலி காணாமல் போகும், வேகம் கூடியதும் பேச்சு புரியாது. இப்படிச் செய்யுங்கள்: ஸ்பீக்கரைத் தற்காலிகமாக வெல்க்ரோவில் வைத்து ஹெல்மெட்டை மாட்டி, ஒரே ஒரு பாட்டை ஓட விடுங்கள். இரண்டு உள்ளங்கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து மெதுவாக முன்னே பின்னே, மேலே கீழே அசையுங்கள். எந்தப் பக்கம் நகர்த்தும்போது சத்தம் சட்டென்று நிறைகிறதோ, ஸ்பீக்கரை அந்தப் பக்கம் நகர்த்தி ஒட்டுங்கள். இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அடுத்து ஆழம். ஸ்பீக்கர் காது மடலை லேசாகத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் பெட்டியோடு வரும் பஞ்சு வட்டத்தைப் பின்னால் வைத்து முன்னே கொண்டுவாருங்கள். அழுத்தினால் அரை மணி நேரத்தில் காது வலிக்கும். ஒரு வட்டத்தை எடுத்துவிடுங்கள்.

மைக் உதட்டுக்கு முன்னால் ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். தண்டு மைக்கில் ஒரு பக்கம் புள்ளியோ அம்போ இருக்கும், அந்தப் பக்கம் வாயைப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் உங்கள் குரல் அடங்கி, காற்றின் சத்தம்தான் மற்றவருக்குப் போகும். மேலே இருக்கும் பஞ்சு உறையைத் தொலைத்துவிடாதீர்கள். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் ஊர் இது. கம்பம் பள்ளத்தாக்கில் உறை இல்லாத மைக் ஒன்றுக்கும் உதவாது.

வயர்களை ஓட்டின் விளிம்போரமாக, துணி லைனிங்குக்கும் தெர்மோகோலுக்கும் நடுவே பதித்து விடுங்கள். வலது ஸ்பீக்கரின் நீள வயர் பின்கழுத்துப் பக்கமாகச் சுற்றி வரட்டும். மிச்ச வயரைச் சுருட்டிக் காதுக்கோ நெற்றிப்பொட்டுக்கோ பின்னால் திணிக்காதீர்கள், அந்த இடத்தில் குத்தும். பேடைத் திரும்பப் போடும்போது பட்டனுக்கு நடுவே வயர் மாட்டிக்கொண்டால் சில மாதத்தில் உள்ளே அறுந்து ஒரு காது செத்துவிடும்.

பேர் செய்வது

பட்டனை எத்தனை நொடி அழுத்துவது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை மேனுவலில் பாருங்கள். வரிசை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். முழு சார்ஜ் செய்து, ஆப் வழியாகவோ கம்ப்யூட்டரிலோ ஃபர்ம்வேரை, அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளை, புதுப்பியுங்கள். குழுவில் எல்லாரிடமும் ஒரே பதிப்பு இருந்தால் பாதிச் சண்டை வராது. பிறகு போனோடு பேர் செய்யுங்கள். கடைசியாகத்தான் இண்டர்காம்: இரண்டு கருவியும் பக்கத்தில் பக்கத்தில், இரண்டிலும் பேரிங் நிலை, விளக்கு மாறி மாறி மினுங்கும், ஒன்றில் அழுத்தியதும் மற்றது பிடித்துக்கொள்ளும். முதல் முறை இதைச் செய்யும்போது மற்ற போன்களின் ப்ளூடூத்தை அணைத்து வையுங்கள். பழைய போன் ஒன்று முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்வது வழக்கம்.

வேறு கம்பெனிக் கருவியோடு சேர்க்க, "யுனிவர்சல் இண்டர்காம்" என்ற வசதி பல கருவிகளில் உண்டு. உங்கள் கருவியை யுனிவர்சல் நிலையில் வைத்து, எதிராளியின் கருவியைப் போன் பேரிங் நிலையில் வைக்க வேண்டும். உங்கள் கருவியை அது ஒரு போன் என்று நம்பிவிடும். அதனால்தான் அவருடைய போனுக்கான இடம் ஒன்று போய்விடுகிறது, ஒலியும் போன் கால் தரத்துக்கு இறங்குகிறது.

பாட்டு ஓடும்போது இண்டர்காம் திறந்தால் பாட்டின் தரம் குறைந்து தகரம் போலக் கேட்பதும் பழுது இல்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. சில கருவிகள் இரண்டையும் சேர்த்து நல்ல தரத்தில் தரும், விலை குறைந்தவை தராது.

கூகுள் மேப்பின் வழிகாட்டும் குரல் கேட்கவில்லை என்றால் மேப்பின் அமைப்பில் ப்ளூடூத் வழியாகக் குரலை ஒலிக்கும் தேர்வு இயங்குகிறதா பாருங்கள். குரலைத் தமிழிலும் வைக்கலாம். மலைப்பகுதியின் மேப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

பேசினால் தானாகத் திறக்கும் வாக்ஸ் வசதியை வேகத்துக்குத் தக்கபடி அமைக்க வேண்டும். உணர்திறன் அதிகமாக இருந்தால் காற்றுக்கே திறந்து திறந்து மூடும். குறைத்தால் பேச்சின் முதல் வார்த்தையை விழுங்கிவிடும். வாக்ஸ் இருக்கும் கருவியில் "நில்" என்று ஒற்றைச் சொல்லாகச் சொன்னால் போகாமலே போகலாம். "அண்ணே, நில்லுங்க" என்று பெயரையோ உறவையோ முன்னால் வைத்துப் பேசுகிற பழக்கம் இங்கே உயிரைக் காக்கும்.

சத்தமும் சட்டமும்

ஒலியை எவ்வளவு வைத்தாலும் வேகத்தில் கேட்கவில்லை என்பவர்கள் வால்யூமைத்தான் ஏற்றுகிறார்கள். அது காதுக்குக் கேடு. 85 டெசிபெலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த வரம்பு. அதன்படி 100 டெசிபெலுக்கு 15 நிமிடம்தான். நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தம் மட்டுமே அந்த அளவை நெருங்கிவிடும். நீண்ட நேர் சாலையில் மென்மையான பஞ்சு இயர் பிளக் போட்டுப் பாருங்கள். காற்றின் இரைச்சல் அடங்கி, பேச்சு முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும். மலை ஏறும்போது பிளக்கையும் எடுத்துவிடுங்கள், பாட்டையும் நிறுத்திவிடுங்கள். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஹாரன்தான் அங்கே முதல் எச்சரிக்கை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குகிறது. கேரளத்தில் 2019 டிசம்பர் 1 முதல் பின்னால் உட்காருபவரிடமும் அபராதம் வாங்குகிறார்கள். அதனால் ஜோடியாக வாங்குவதே வசதி. 184-ஆம் பிரிவு ஓட்டும்போது கையில் பிடித்துப் போன் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்க்கிறது. இண்டர்காம் கையில் பிடிப்பது இல்லை. ஆனாலும் கால் வந்தால் வண்டியை ஓரம் கட்டிப் பேசுங்கள்.

வேலை செய்யாதபோது

ஒரு காதில் மட்டும் கேட்கிறதென்றால் முதலில் ஸ்பீக்கர் பிளக்கைப் பிடுங்கி, "டக்" என்று உட்காரும் வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த பிளக்தான் பெரும்பாலும் காரணம். நீங்கள் கேட்கிறீர்கள், உங்கள் பேச்சு அவருக்குக் கேட்கவில்லை என்றால் மைக் பிளக், மைக்கின் திசை, மியூட் என்ற வரிசையில் பாருங்கள். போன் கால் ஒலி கருவிக்கு வராமல் வேறெங்கோ போனால் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் பறித்துக்கொண்டிருக்கும். எதற்கும் அசையவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து, போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்தும் அந்தப் பெயரை நீக்கிவிட்டு மறுபடி பேர் செய்யுங்கள். கருவியில் மட்டும் ரீசெட் செய்து போனில் நீக்காமல் விட்டால் இரண்டும் பழைய நினைவில் முட்டிக்கொண்டு நிற்கும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால் வயரைச் சந்தேகியுங்கள். விலை குறைந்த பல கருவிகளில் யு.எஸ்.பி. சி துளை இருந்தும், இரண்டு முனையும் சி ஆன வயரில் சார்ஜ் ஏறாது. சார்ஜர் பக்கம் பழைய அகலமான முனை உள்ள வயரைப் போட்டுப் பாருங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் போதும். நனைந்த துளையில் சார்ஜ் போடாதீர்கள். மழையில் வந்த நாளில் ரப்பர் மூடியைத் திறந்து, கவிழ்த்து உதறி, நிழலில் காய விட்டுவிட்டுத்தான் வயர். வெயிலில் நிற்கும் பைக்கின் மேல் ஹெல்மெட்டைக் கருவியோடு விட்டுவிட்டுப் போனால் பேட்டரியின் ஆயுள் குறையும். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். முழுக்க இறங்கிய லித்தியம் பேட்டரி மறுபடி எழுந்திருக்காமலே போகலாம்.